சி பிளாக்கில் குறையேதும் காணப்படவில்லை

நாங்கள் மலையை விட்டு இறங்கியது எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி வைத்திருக்கும் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது, அதன் அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஆனைக்கசம் எஸ்டேட்டில் நாலு தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த எங்களுக்கு, ஒருநாள் காலையில் எல்லாருக்கும் ஒன்றுபோல விருப்பம் வந்துவிட்டது. குத்தகை முடிந்துவிட்டது, நாற்பத்தைந்து நாளில் காலி செய்யுங்கள் என்று கம்பெனி சொன்னதற்கும் அந்த விருப்பத்துக்கும் சம்பந்தமே கிடையாது. முதலில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அப்புறம் எஸ்டேட் ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள். அப்புறம் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு, அதுதான் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கிடக்கும் தொழிலாளர் வீடுகளுக்கு, கரண்டை வெட்டினார்கள். இருட்டில் உட்கார்ந்து யோசித்ததில் எங்கள் விருப்பம் நன்றாக முற்றிவிட்டது.

என் பெயர் சந்தனமாரி. முப்பத்தோரு வருஷம் கொழுந்து கிள்ளியவள். பத்தாம் வகுப்பு வரை படித்த பாவத்துக்காக, ஆனைக்கசம் இடம்பெயர்ந்தோர் நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். தலைவர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. எஸ்டேட்டில் கங்காணியாக இருந்து எங்கள் எல்லாரையும் வேலை வாங்கியவர். இங்கே சங்கத்தில் என்னை மட்டும் வேலை வாங்குகிறார்.

இறங்கியவர்களில் அறுபது குடும்பத்துக்குப் பேட்டையைத் தாண்டி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சி பிளாக்கைக் கொடுத்தார்கள். வீடுகளுக்குக் குலுக்கல் போட்டார்கள். எனக்கு நான்காம் மாடி விழுந்தது. மலைக்காரிக்கு உயரம் பழக்கம்தானே என்று அந்தக் குலுக்கல் டப்பாவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. லிஃப்ட் உண்டு. அதன் கதவில் "விரைவில் சரிசெய்யப்படும்" என்று ஒரு காகிதமும் உண்டு. லிஃப்ட் ஓடவில்லையே தவிர, காகிதம் கிழிந்தால் உடனே புதுக் காகிதம் ஒட்டிவிடுகிறார்கள். வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மலையில் பங்குனியிலும் கம்பளி போர்த்தியவர்கள் நாங்கள், இங்கே மார்கழியில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தோம்.

இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. என் வீட்டுக்காரர் பூதத்தான்தான் எனக்குப் பெரிது. எஸ்டேட்டில் செடியைக் கவாத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் வெட்டிய மலையைப் பார்த்தால் நூல் பிடித்தது மாதிரி இருக்கும். இறங்கிய மூன்றாம் மாதம் வாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது நாலு பேர் நாற்காலியில் வைத்து நான்காம் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். அது ஆடி மாசம். அதன்பிறகு அந்த மனுஷன் கீழே இறங்கவே இல்லை. கட்டில், ஜன்னல், மறுபடி கட்டில். ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"ஏட்டி, நான் தரையில காலு வச்சு எத்தன மாசம் இருக்கும்?"

"இப்ப வச்சிருக்கியள்லா, இது தரை இல்லையா?"

"இது எப்படித் தரை ஆவும்? இது மூணாம் மாடிக்காரன் கூரைல்லா."

அடுப்படிக்குள் போய், வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டேன். இந்த மனுஷனை மண்ணுக்கு இறக்க வேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு வீடு, வாசலில் பிடிமண் இருந்தால் போதும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்காக நான் போகாத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். "நீங்களா விருப்பப்பட்டு வந்துட்டு இப்ப என்னம்மா கீழ்வீடு, மேல்வீடு?" அப்போதுதான் புரிந்தது, கீழ்வீடு வேண்டுமென்றால் முதலில் அந்த "விருப்பம்" என்ற வார்த்தையைக் காகிதத்திலிருந்து பிடுங்க வேண்டும். எங்களை இறக்கினார்கள், நாங்களாக இறங்கவில்லை என்று யாராவது ஓர் அதிகாரி எழுதித் தர வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ரீபா வந்து சேர்ந்தாள். சாத்தான்குளத்துப் பிள்ளை, பாளையங்கோட்டையில் வக்கீல். எங்களிடம் பத்துப் பைசா வாங்காமல் மனு எழுதித் தந்தாள். மனித உரிமைக்கு என்றே ஓர் ஆணையம் இருக்கிறதாம், அதற்கு அனுப்பினாள். மனுவில் இரண்டே கோரிக்கை. ஒன்று, நாங்கள் வெளியேற்றப்பட்டவர்கள் என்று அங்கீகரிக்க வேண்டும். இரண்டு, படியேற முடியாதவர்களுக்குக் கீழ்த்தளத்தில் வீடு தர வேண்டும். கூடவே, சுவர் ஒழுகுவதையும் குழாயில் தண்ணீர் வராததையும் குறிப்பிட்டாள். "இணைப்பு ஒன்று" என்று மேலே எழுதி என் வீட்டுக்காரருடைய ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்தாள். அவர்தான் கேஸுக்கே உயிர் என்றாள்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. வருகிற பன்னிரண்டாம் தேதி, காலை பதினொரு மணிக்கு, விசாரணை அதிகாரி குடியிருப்பை நேரில் ஆய்வு செய்வார். ரீபா அன்று சாயங்காலமே வந்து எல்லாரையும் சி பிளாக் வாசலில் கூட்டினாள்.

"அக்காமாரே, அண்ணன்மாரே, நல்லாக் கேட்டுக்கோங்க. நீங்க தெனமும் எப்படி இருக்கியளோ அப்படியே இருக்கணும். சுவத்துல ஒழுகின கறை அப்படியே இருக்கட்டும். தண்ணி இல்லாத கொடம் காலியாவே இருக்கட்டும். யாரும் எதையும் கழுவ வேண்டாம், மறைக்க வேண்டாம். ஆபீசர் கண்ணால பாக்கணும். புரிஞ்சுதா?"

"சரிங்கம்மா" என்றார்கள் அறுபது குடும்பமும் ஒரே குரலில். அந்த "சரிங்கம்மா"விலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இத்தனை ஒற்றுமையாகச் சரி சொன்னால் ஒன்றும் சரியாக இருக்காது.

ரீபாவுக்கு எஸ்டேட் தெரியாது. எஸ்டேட்டில் மாசத்தின் முதல் சனிக்கிழமை லயம் பார்வை உண்டு. துரை வருவார். துரை என்றால் வெள்ளைக்காரன் இல்லை, அவன் போய் எவ்வளவோ காலமாயிற்று. மேனேஜர் யாராக இருந்தாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எங்களுக்குத் துரைதான். அவர் கையில் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பார்ப்பார். அடுப்புக்கு அடியில் பிரம்பை விட்டு இழுப்பார். தூசி வந்தால் போச்சு, மறுநாள் காலையில் எல்லாரும் கூடி நிற்கும் பெரட்டுக்களத்தில் பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள். சுத்தமான வீட்டுக்கு வருஷக் கடைசியில் ஒரு எவர்சில்வர் குடம் பரிசு. என் அம்மாவின் பெயரை ஒருதரம் வாசித்துவிட்டார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் என்னை "தூசி" என்றே கூப்பிட்டார்கள். இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது.

ஆக, ஆணையத்தின் கடிதத்தில் மற்ற எதுவும் எங்கள் ஆட்கள் காதில் ஏறவில்லை. ஆபீசர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்பது மட்டும் ஏறிவிட்டது.

பன்னிரண்டாம் தேதி விடிகாலையில் பரட்டுப் பரட்டென்று ஒரு சத்தம் கேட்டு முழித்தேன். எட்டிப் பார்த்தால் மூன்றாம் மாடி முத்துராணி தேங்காய் நார் வைத்துப் படிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பினாயில் வாளி, பின்னால் திறந்து கிடக்கும் அவள் வீட்டுக் கதவு. இந்த முத்துராணி எஸ்டேட்டில் ஆறு எவர்சில்வர் குடம் வாங்கியவள். ஆறையும் இங்கே கொண்டுவந்து அலமாரியின் மேல் அடுக்கி வைத்திருக்கிறாள்.

"ஏட்டி முத்துராணி! கூறு இருக்கா ஒனக்கு? வக்கீலம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாள்லா?"

"சத்தம் போடாத மதினி. நான் வீட்டத் தொடல. படியத்தான் கழுவுதேன். படி பொதுதான?"

"வீட்டத் தொடலையா? அப்ப ஒழுகின சுவத்துல அது என்ன?"

"அது காலண்டரு."

எட்டுக் காலண்டர்! ஈரம் ஊறிய சுவர் முழுக்க முருகன், லட்சுமி, வள்ளியூர் நகைக்கடை, பிள்ளையார், வருஷம் தப்பிய இரண்டு. ஒரு பொட்டுக் கறை வெளியே தெரியவில்லை. போதாததற்கு வாடகைச் சாமான் கடையில் சொல்லி எட்டு பிளாஸ்டிக் நாற்காலியும் எடுத்திருக்கிறாள்.

"வெளங்கிரும்" என்றேன். "கேஸ் வெளங்கிரும். ஒழுகுதுன்னு மனு போட்டுட்டு ஒழுகலைன்னு காட்டுத."

"ஒழுகுறத நீ சொல்லு மதினி, நான் வேண்டாங்கல. அதுக்காக வார மனுஷன் முன்னால நாறிக்கிட்டு நிக்க முடியுமா? என்னைய எவனும் அழுக்குன்னு எழுதிறப்படாது."

கீழே போய்ப் பார்த்தால் இவள் தேவலை. பூச்சாடி வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டு வாசலில் பார்த்தாலும் கோலம். குழாயில் தண்ணீர் வராததால் நேற்றே லாரித் தண்ணீர் பிடித்து, குடத்தை விளக்கி, நிறைகுடமாக வாசலில் வரிசை வைத்திருக்கிறார்கள், கல்யாண வீடு தோற்றுப்போகும். செந்தூர்பாண்டி அண்ணாச்சி மொடமொடவென்று வெள்ளைச் சட்டையில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு சொம்பு.

"இது என்ன அண்ணாச்சி?"

"முதல் திருப்பத்துல மோரு. ரெண்டாவதுல நன்னாரி சர்பத்து. மூணாவதுல எளநி. ஆபீசர் வயசான மனுசன்னு கேள்விப்பட்டேன். படியேற கஷ்டப்படுவாருல்லா?"

"கஷ்டப்படணும்னுதான அண்ணாச்சி மனு போட்டுருக்கோம்!"

"அதெப்படிம்மா? நம்ம எடத்துக்கு வந்துட்டு ஒரு மனுஷன் மூச்சு வாங்கலாமா? நமக்குல்லா அசிங்கம்."

நான் தலையில் அடித்துக்கொண்டு மேலே வந்தேன். வந்தவள் சும்மா இருந்தேனா? அதைச் சொல்லாவிட்டால் நான் யோக்கியமானவள் இல்லை. வாசலில் மூன்று புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம் போட்டேன், சின்னதுதான். வீட்டுக்காரருக்கு முகம் மழித்தேன், திருநீறு பூசினேன், பொங்கலுக்கு எடுத்த சட்டையை மாட்டிவிட்டேன். அழுக்குச் சட்டையோடு அவரை இன்னொரு மனுஷன் பார்ப்பதை என் கை ஒத்துக்கொள்ளவில்லை. ரீபா படித்துப் படித்துச் சொன்னதை இந்தச் செயலாளரே அவ்வளவு லட்சணமாக நிறைவேற்றினாள்.

பதினொன்றேகாலுக்கு ஆபீசர் வந்தார். பெயர் குமரகுருபரன். டவுன்காரர், நெற்றி நிறையத் திருநீறு, அதிர்ந்து பேசாத மனுஷன். ரீபா அவரோடு வந்திறங்கி நிறைகுடங்களைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெற்ற பிள்ளை பரீட்சையில் வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு தாய் அப்படித்தான் பார்ப்பாள்.

ஆபீசர் முதல் திருப்பத்தில் உட்கார்ந்து மோர் குடித்தார். இரண்டாவதில் சர்பத்து குடித்தார். மூன்றாவதில் இளநீர் குடித்துவிட்டு, "படி ஏறின களைப்பே தெரியலையே" என்றார். செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். ஆபீசர் அதையும் ஏட்டில் குறித்துக்கொண்டார்.

முத்துராணி வீட்டுக்குள் நுழைந்ததும் சுற்றிப் பார்த்தார்.

"தண்ணி வருதாம்மா?"

"வருதுங்கய்யா."

"எப்பப்ப வரும்?"

"வரும்போதெல்லாம் வரும்ங்கய்யா."

"சுவர் ஒழுகுதுன்னு எழுதியிருக்கியளே?"

முத்துராணி ஒரு நிமிஷம் காலண்டர்களைப் பார்த்தாள். பிடுங்கிப் போடட்டும், பிடுங்கிப் போடட்டும் என்று நான் மனசுக்குள் கிடந்து அடித்துக்கொண்டேன். அவள் முந்தானையால் நாற்காலியைத் துடைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"மழை பெஞ்சா எல்லா எடத்துலயுந்தான ஒழுகும். உக்காருங்கய்யா."

"சார், அந்தக் காலண்டரத் தூக்கிப் பாருங்க" என்றாள் ரீபா. ஆபீசர் லட்சுமியைத் தூக்கிப் பார்ப்பாரா? கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அடுத்தது என் வீடு. போனால் போகிறது, சுவரும் தண்ணீரும் போகட்டும், இணைப்பு ஒன்று இருக்கிறதே என்று நான் திடமாகத்தான் இருந்தேன். ஆபீசர் கட்டிலில் கிடக்கும் மனுஷனைப் பார்ப்பார், தொங்கும் கையைப் பார்ப்பார், ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்ப்பார். அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் முன்னால் போய்க் கதவைத் திறந்தேன். ஆபீசர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தார்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

எட்டு மாதமாக நான் தூக்கினால்தான் உட்காருவார். அந்த மனுஷன் வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து, ஒரே இழுப்பில் எழுந்து, கம்பியையும் விட்டுவிட்டு, நெட்டுக்கு நின்றார். வலது கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"வாங்கய்யா" என்றார்.

லயத்து வாசலைத் துரை தாண்டினால் உள்ளே இருக்கிறவர் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் என் அம்மா நின்றிருக்கிறாள். அட்டை கடித்த கால் வீங்கிப் புண்ணாகி இருந்தபோது நான் நின்றிருக்கிறேன். என் வீட்டுக்காரருடைய தாத்தா நின்றார், அப்பா நின்றார், அறிவு தெரிந்த நாளிலிருந்து அவரும் நின்றார். வாதம் வந்து கையைக் காலைத்தான் பிடித்தது, அந்தப் புத்தியை அதனால் பிடிக்க முடியவில்லை.

"உக்காருங்க பெரியவரே, உக்காருங்க" என்றார் ஆபீசர். நல்ல மனுஷன், மனசாரத்தான் சொன்னார். ஆனால் துரைமாரும் உட்காரச் சொல்லத்தான் செய்வார்கள். சொல்வது அவர்கள் மரியாதை, உட்காராமல் நிற்பது எங்கள் மரியாதை.

"இருக்கட்டும்ங்கய்யா."

"சார், அவரால நிக்க முடியாது சார்!" ரீபாவின் குரல் கீச்சிட்டது. "மெடிக்கல் ரிப்போர்ட் பாருங்க சார்!"

ஆபீசர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். நிற்கிற மனுஷனைப் பார்த்தார். மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் கண்ணை நம்புவீர்களா, காகிதத்தை நம்புவீர்களா?

"உடம்பு எப்படி இருக்கு பெரியவரே?"

"நல்லாருக்கேங்கய்யா."

"ஏதாவது குறை உண்டா?"

"ஒண்ணுங்கிடையாதுங்கய்யா."

அவருடைய இடது கால் வேட்டிக்குள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. நான் கத்தியிருக்க வேண்டும். ஐயா, இது நடிப்பு, இந்த மனுஷன் விழப்போகிறார், பிடியுங்கள் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். அறுபது குடும்பத்துக்கும் வாய் நான்தான், ஆபீஸ் ஆபீஸாகப் போய்ச் சண்டை போட்டவள் நான்தான். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"ஐயா ஒருவாய் காப்பி குடிச்சுட்டுப் போகணும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். அவர் வேண்டாம் தாயி, ஏற்கெனவே வயிறு நிறைந்துவிட்டது என்று சிரித்தார். ஜன்னல் பக்கம் பார்த்து, "காத்து நல்லா வருதே" என்றார். ஏட்டில் எழுதினார். எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். ரீபா "சார், சார்" என்று பின்னாலேயே ஓடினாள்.

அவருடைய செருப்புச் சத்தம் மூன்றாம் மாடித் திருப்பம் போகும்வரை என் வீட்டுக்காரர் நின்றார். அதன்பிறகு விழுந்தார். நான் பிடிப்பதற்குள் கட்டில் விளிம்பில் இடுப்பு அடித்து, எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

முத்துராணிதான் முதலில் ஓடி வந்தாள். வந்து பார்த்ததும், "எம்மா, நான் பாவி, நான் பாவி" என்று வாயில் அடித்துக்கொண்டாள். போர்வையில் கிடத்தி நாலு பேர் நாலு முனையைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். ஆபீசர் வரும் நேரத்துக்கு மறுபடி கழுவிவிட்ட படி இன்னும் காயவில்லை, ஒருத்தர் இரண்டு தடவை வழுக்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆபீசருக்குப் போட்ட நாற்காலி வழியை மறித்துக்கொண்டு கிடந்தது. செந்தூர்பாண்டி அண்ணாச்சி முன்னால் ஓடி ஓடி, அழுதுகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து நகர்த்தினார். வாசலுக்கு வந்து ஆட்டோவுக்காகக் காத்திருந்தபோது அவரை ஒரு நிமிஷம் மண்ணில் கிடத்தினார்கள். எட்டு மாதம் கழித்து மண். அவருக்கு நினைவு இல்லை.

இடுப்பில் கம்பி வைத்தார்கள். இனி இன்னொரு தரம் விழுந்தால் தாங்காது, எந்தக் காரணத்துக்கும் அவரை எழுந்திருக்க விடாதீர்கள் என்று டாக்டர் என்னிடம் மூன்று தடவை சொன்னார். இருபது நாள் கழித்து அதே போர்வையில் நான்காம் மாடிக்கு ஏற்றினோம்.

ஆணையத்தின் உத்தரவு பங்குனிக் கடைசியில் வந்தது. ரீபா வந்து கையில் கொடுத்துவிட்டு, படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் கட்டில் பக்கத்தில் நின்று சத்தமாக வாசித்தேன்.

"மனுதாரர்களின் குடியிருப்பு நேரில் ஆய்வு செய்யப்பட்டது. வீடுகள் தூய்மையாகவும் காற்றோட்டமாகவும் உள்ளன. படிகளில் ஏறுவதில் சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை. இணைப்பு ஒன்றில் குறிப்பிடப்பட்டுள்ள திரு. பூதத்தான், எவருடைய துணையுமின்றி எழுந்து நின்று விசாரணை அதிகாரியை வரவேற்றார். மனுதாரர்கள் விருப்பத்துடன் இடம்பெயர்ந்து மனநிறைவுடன் வாழ்வதாக அறிய முடிகிறது. குறையேதும் காணப்படவில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது."

"என் பேரப் போட்டுருக்காவளா?" என்றார் அவர்.

"போட்டுருக்காவ."

"திருன்னு போட்டுருக்காவளா?"

"ஆமா."

"அந்த எந்திரிச்சு நின்னத இன்னொருக்க வாசி."

வாசித்தேன். அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. சத்தியமாக வந்தது. எனக்கு அந்தக் காகிதத்தைச் சுருட்டி அவர் வாயில் திணிக்கலாம்போல ஆத்திரம் வந்தது. முப்பத்தேழு வருஷம் எஸ்டேட்டில் கவாத்து வெட்டினார், ஒரு காகிதத்திலும் அவரைத் திரு என்று யாரும் போட்டதில்லை. இப்போது போட்டிருக்கிறார்கள், வீடு இல்லை என்று சொல்வதற்காக.

பிறகு அந்தப் பெருமை பைய இறங்கிற்று. உத்தரவு என்ன சொல்கிறது என்பது அவருக்கு உறைத்ததை முகத்திலேயே பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் அப்படியே கிடந்தார். சோறு ஊட்டினால் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நான் மறுஆய்வு மனு எழுத உட்கார்ந்தேன். ரீபா வழி சொல்லியிருந்தாள். அதிகாரி மறுபடியும் நேரில் வந்து பார்க்க வேண்டும், அவரும் வரச் சம்மதிக்கலாம் என்றாள். விழுந்தது, எலும்பு முறிந்தது, கம்பி வைத்தது எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். முத்துராணி காலண்டர்களை எல்லாம் கிழித்துவிட்டு, ஒழுகின சுவரைப் போட்டோ பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏட்டி சந்தனம்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அதுல இன்னொண்ணு எழுதணும்."

"சொல்லுங்க."

"அடுத்த மட்டம் ஆபீசர் வந்தா, அவரு வாறதுக்கு மிந்தி என்னையக் கட்டிலோட சேத்துக் கெட்டிரு. கால மட்டும் கெட்டினாக் காணாது. இடுப்பச் சேத்துக் கெட்டணும்."

"என்ன பேச்சுங்க இது? கம்பி வச்ச இடுப்பு. டாக்டரு எந்திரிக்கவே கூடாதுன்னு சொல்லிருக்காருல்லா?"

"எனக்குத் தெரியாதா? எந்திரிக்கப்படாதுன்னு எனக்கும் தெரியும்ட்டி." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா கெட்டலன்னா எந்திரிச்சிருவேன்."

நான் அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் சொன்னதை மனுவின் ஏழாம் பத்தியாக ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினேன். கயிறு வாங்கிவிட்டோம் என்பதையும் ஆணையத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.